கொக்கி செய்தவர்

பல் செட்டுக்கான இளஞ்சிவப்பு மெழுகு கையில் அகப்பட்டால் அவர் விரல்கள் அதைச் சும்மா விடுவதில்லை. ஊற்றிய அச்சு இறுகும்வரை காத்திருக்கும் நேரத்தில், மேசையில் கிடக்கும் துண்டொன்றை எடுத்து ஸ்பிரிட் விளக்கின் மேல் ஒரு தரம் காட்டிவிட்டு உருட்டத் தொடங்குவார். கண் எங்கோ இருக்கும். கொஞ்ச நேரத்தில் மெழுகுக்கு மழுங்கிய மூக்கு ஒன்று வரும், பின்புறம் மூன்று குழல்கள் வரும், பக்கவாட்டில் வளைந்த கொக்கி ஒன்று முளைக்கும். முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டதும் எல்லாம் திரும்ப உருண்டையாகிச் சட்டைப் பைக்குள் போய்விடும். அவருடைய சட்டைப் பைகள் அத்தனையிலும் இளஞ்சிவப்புக் கறை உண்டு. அதைத் துவைத்துப் போக்கும் முயற்சியை அவர் மனைவி எப்போதோ தலைமுழுகிவிட்டார்.

"ராக்கெட்டு, இந்தப் பல் செட்டு எந்தக் கிரகத்துக்குப் போகுது?" என்பார் பக்கத்து மேசையில் பாலிஷ் போடுகிறவர்.

"எங்க போனாலும் அங்க மெல்றதுக்கு ஒண்ணும் இருக்காது. நீ ஓரத்த மட்டும் நல்லா தேய். நாக்கக் கிழிச்சுடப் போகுது."

அந்தப் பெயர் அங்கே நிலைத்துவிட்டது. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளுக்குப் பல் செட் செய்து கொடுக்கும் சிறிய கூடம் அது. சுவரோரம் வரிசையாகப் பிளாஸ்டர் தாடைகள், யாருக்கும் சொந்தமில்லாத சிரிப்புகள் போல. ஆள் ஐம்பதைத் தாண்டியவர், எந்நேரமும் ஒரு மேசையின் மேல் குனிந்திருப்பது போன்ற முதுகு. பேசுகிறவர்களின் கண்ணைப் பாராமல் வாயைப் பார்ப்பார். தொழில் தந்த கோணல் இது. "மூஞ்சியப் பாத்துப் பேசுங்களேன்" என்று ஒருமுறை மச்சினி கோபித்துக்கொண்டபோது, "மூஞ்சில பாதி வாய்தானேம்மா" என்றாராம். அவர் சொன்ன நகைச்சுவைகளில் குடும்பம் நினைவில் வைத்திருப்பது அது ஒன்றைத்தான். மற்றவை யாருக்கும் காதில் விழாத அளவுக்கு மெதுவாகச் சொல்லப்பட்டவை.

வீட்டுக்கு வந்துவிட்டால் கையைக் கழுவிக்கொண்டு நேரே பின்னறைக்குப் போவார். அண்ணனுடைய கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு மேசை, அதன் மேல் கணினி, அதற்குள் ஒரு வானம்.

விண்பயண சிமுலேட்டர் என்பார்கள். அதில் சுட்டு வீழ்த்த எதிரி இல்லை, சேர்த்து வைக்கப் புள்ளிகள் இல்லை. கோள்கள் தம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். எதை மேலே அனுப்பினாலும், மெய்யாகவே அங்கே என்ன நேருமோ அதுதான் இங்கேயும் நேரும். அதன் அடித்தளத்தை எங்கோ இருக்கும் சிலர் போட்டு இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். அதற்கு மேல் கப்பல், நிலையம், கருவி என்று ஆளாளுக்கு ஒன்றைச் செய்து சேர்க்கிறார்கள். ஆட்-ஆன் என்று அதற்குப் பெயர். ஒருவர் போட்ட பந்தலில் பலர் கொடி ஏற்றுவது மாதிரி. அவர் ஏற்றிய கொடிக்குப் பெயர் கொக்கி.

அழகான கப்பல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சரக்குப் பெட்டிக்கு மூக்கு வைத்தது போலிருக்கும். அதற்கு ஒரே வேலைதான். பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும் நிலையம் ஒன்றிடம் மெல்லப் போய், அதன் வாயில் தன் வாயைப் பொருத்த வேண்டும். எதுவும் எதையும் பிடித்துக்கொள்ளாத வெளியில் இது எளிய காரியம் அல்ல. இந்தப் பக்கம் தொட்டுத் தள்ளினால், மறுபக்கம் யாராவது தள்ளும்வரை அது போய்க்கொண்டேயிருக்கும். பெயர் வைத்தவர் அண்ணன். முதன்முதலில் படத்தைப் பார்த்ததும், "என்னடா இது, என் கிரேனோட கொக்கிய அறுத்து வானத்துல விட்டுட்ட" என்றார். வேறு பெயர் யாருக்கும் தோன்றவில்லை.

அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வேலைக்காலம் முழுவதும் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, இரண்டு நெம்புகோல்களைக் கொண்டு, ஆடுகிற சுமைகளை ஆடாத லாரிகளில் இறக்கி வைத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "மேலயே உக்காந்திருக்கிறவனுக்கு எவன் அண்ணாந்து பாத்துப் பொண்ணு குடுப்பான்" என்பார். ஒருநாள் அவருடைய வலது கட்டைவிரல் சொன்னபடி கேட்கவில்லை. தொங்கிய பெட்டி சற்று அதிகமாக வீசி ஒரு லாரியின் கதவை உரசிவிட்டது. யாருக்கும் அடியில்லை. கீழே நின்றவர்கள் காற்று என்று நினைத்தார்கள். அண்ணன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, ஏணி வழியே இறங்கி, சாவியை மேலதிகாரியின் மேசையில் வைத்தார். "இனிமே என் கைய நம்பாதீங்க." மருத்துவர்கள் அந்த நோய்க்குப் பெயர் கண்டுபிடித்தது அதற்குப் பிறகுதான். தசைகளுக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்புகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துபோகும் நோய். அறிவு மட்டும் கடைசிவரை விழித்திருக்கும். அண்ணன் அந்தக் கதையைச் சொல்லும்போது ஒரே ஒரு இடத்தில் மட்டும் தலையை நிமிர்த்துவார்: "யாரும் சொல்றதுக்கு முன்னாடி நானே எறங்கிட்டேன்."

தம்பி வீட்டுப் பின்னறைக்கு அவர் வந்தபோது நெம்புகோல் இல்லாத கை என்ன செய்வதென்று தெரியாமல் போர்வையைப் பிசைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் தம்பி கப்பல் செய்ய உட்கார்ந்தார். கணினி நிரல் எழுதுவதை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. நூறு தவறு செய்து நூற்றொன்றாவதைச் சரியாகச் செய்கிற பொறுமை மட்டும் பல் செட் தொழிலில் இருந்து வந்தது.

முதல் கொக்கிக்கு இரண்டு கைகளும் தேவைப்பட்டன. நிஜக் கிரேனைப் போலவே இரண்டு நெம்புகோல்கள். அண்ணன் அதில் கைதேர்ந்தவரானார். அடுத்த பதிப்பில் இரண்டையும் ஒன்றாக்க வேண்டியிருந்தது, வலது கை போய்விட்டது. பிறகு நெம்புகோலே வேண்டாம், நான்கு விசைகள் போதும். பிறகு ஒரு விசை. திரையில் மேல், கீழ், இடம், வலம் என்று அம்புக்குறி தானாக மாறிக்கொண்டே வரும். வேண்டிய திசை வரும்போது அழுத்தினால் கப்பலை அந்தப் பக்கம் துளி தள்ளும். ஒவ்வொரு பதிப்பையும் அவர் உலகத்தோடு பகிர்ந்துகொண்டார். இந்த சிமுலேட்டரை ஆடுகிறவர்களுக்கென்று ஓர் இணைய மன்றம் உண்டு. அங்கே ஒருவர் குறைப்பட்டார்: எல்லாரும் புதிய பதிப்பில் வசதிகளைக் கூட்டுவார்கள், இவர் மட்டும் குறைத்துக்கொண்டே போகிறார், அடுத்த பதிப்பில் மூச்சு விட்டாலே போதுமா? அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "பார்ப்போம்" என்று பதில் எழுதினார்.

விரல்கள் முற்றாக ஓய்ந்தபோது தாடைக்கு இன்னும் வலு இருந்தது. தம்பியின் தொழில் வீட்டுக்குள் வந்தது அப்போதுதான். கூடத்தில் இருந்து அச்சுப் பசையும் கிண்ணமும் எடுத்து வந்தார்.

"வாயத் தொறண்ணே. மூக்கால மூச்சு விடு."

"ஒனக்கு அளவெடுக்க வேற வாய் கெடைக்கலையா?"

"பேசாத. பேசினா பல்லு கோணலா வரும்."

"எனக்குப் பல்லெல்லாம் இருக்குடா பைத்தியக்காரா."

பசை இறுகும்வரை அண்ணனின் கீழ்த்தாடையைத் தம்பி உள்ளங்கையில் தாங்கிக்கொண்டிருந்தார். யாருடைய வாயையும் கூசாமல் பார்க்கிற மனிதர் அன்று ஜன்னலைப் பார்த்தார். அந்த அச்சில் இருந்து மெல்லிய தட்டு ஒன்று செய்து, கடைவாய்ப் பக்கம் சிறு விசையைப் புதைத்து, ஒயரை உதட்டோரமாக வெளியே விட்டார். கடித்தால் 'டக்' என்று ஓசை வரும். கட்டில் ஓரத்தில் இருந்தும் கேட்கும். அண்ணன் முதல் தடவை கடித்துப் பார்த்துவிட்டு, தட்டை எடுக்கச் சொல்லி, "நல்லாத்தான் இருக்கு. ஆனா ருசியில்ல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் கொக்கிக்கான நேரம் ஆயிற்று. மனைவி அண்ணனைத் தலையணைகளால் நிமிர்த்தி உட்கார வைத்துவிட்டுப் போவார். இவர் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொள்வார். அண்ணன் போட்ட கட்டளை அது. முன்பொரு நாள் கப்பல் சாயும்போது பதறிப்போய் விசைப்பலகையைத் தொட்டுவிட்டார். "கூண்டுக்குள்ள ஒருத்தன்தான் இருக்கணும்" என்றார் அண்ணன். "ஒண்ணு நீ எறங்கு, இல்ல நான் எறங்குறேன்." அன்றிலிருந்து கைகள் தொடைக்கு அடியில். எழும்போது விரல்களில் முக்காலியின் கோடுகள் பதிந்திருக்கும். பயணம் முடிந்ததும், கப்பல் நின்ற இடத்தைச் சேமித்துவிட்டுக் கணினியை அணைப்பார். அணைத்திருக்கும் வேளையில் அந்த வானத்தில் நேரமும் நின்றுவிடும். அவர் மறந்தாலும் மனைவி அணைத்துவிடுவார். அறை அறையாகப் போய், ஆள் இல்லாத இடத்தில் எரிகிறது சுழல்கிறது என்று எதைப் பார்த்தாலும் சுவிட்சைத் தட்டிவிட்டுப் போகிற கை அவருடையது.

அண்ணனின் கடி தாமதமாகத் தொடங்கியது. அம்பு இடம் காட்டும்போது கடிக்க நினைப்பார். தாடை உத்தரவைக் கேட்டு நிறைவேற்றுவதற்குள் அம்பு வலத்துக்குப் போயிருக்கும். கொக்கி நிலையத்தின் இறக்கையில் மோதியது. அடுத்த வாரமும் மோதியது. அதற்கடுத்த வாரம் மோதக்கூட இல்லை, பக்கத்தில் போகவே இல்லை. அன்று அண்ணன் பாலில் ஊறவைத்த ரொட்டியை இரண்டு கரண்டிக்கு மேல் வாங்கவில்லை. முகத்தைச் சுவரோரம் திருப்பிக்கொண்டார். தன்னால் திருப்ப முடிகிற ஒரே பொருள் முகம்தான் என்பதால், அந்தத் திரும்பலில் எல்லாமே இருந்தது.

தம்பி அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவர் நிரலுக்குள் ஒரு சிறு வேலை செய்தார். கப்பல் நிலையத்தை நெருங்கும்போது சற்று விலகியிருந்தால், யாருக்கும் தெரியாமல் அதுவே தன்னைத் திருத்திக்கொள்ளும். அதற்குத் தாங்கல் என்று பெயர் வைத்தார். முதலில் உப்புப் போடுகிற அளவுக்குத்தான் போட்டார். கடி இன்னும் தாமதமான வாரம் இன்னொரு துளி. பல் செட் இறுக்கினால் ஓரத்தைக் கொஞ்சம் ராவுவது போல, வாரா வாரம் கொஞ்சம். எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று ராவுகிறவருக்குத் தெரிவதில்லை. மன்றத்தில் போட்டபோது கொண்டாடினார்கள். கொக்கியில் இதுவரை வந்ததிலேயே சிறந்த வசதி என்று எங்கெங்கிருந்தோ எழுதினார்கள். முன்பு குறைப்பட்டவரும் எழுதினார்.

பின்னறையிலும் கொண்டாட்டம்தான். கொக்கி வாரந்தோறும் பொருந்தியது. ஒருமுறை கடைசிக் கணத்தில் தலைகுப்புறச் சாய்ந்து, எல்லாம் போயிற்று என்று இருந்த நிலையில் நிமிர்ந்து பொருந்தியது. உடற்பயிற்சி தர வரும் பெண்ணிடம் அண்ணன் அதை விவரித்தார். அவர் பேச்சு அப்போதே குழறத் தொடங்கியிருந்தது, மனைவி பக்கத்தில் நின்று வாக்கியம் வாக்கியமாக எடுத்துச் சொன்னார். "மாமா சொல்றாங்க, அந்தக் கடைசி ரெண்டு கடிதான் காப்பாத்துச்சாம். பழைய கை இப்ப வாய்க்கு வந்திருச்சாம்." அந்தப் பெண் கைதட்டினார். தம்பி தண்ணீர் கொண்டுவரப் போகிறவர் போல எழுந்து போனார்.

வெட்டவெளிச்சமானது மழைக்காலம் முடிகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை. கப்பல் நிலையத்தை நோக்கி வந்தது. சற்று இடப்புறம் விலகியிருந்தது. பிறகு நேரானது. மெல்ல, ஒரு தவறும் இல்லாமல் போய்ப் பொருந்தியது. பச்சை விளக்கு எரிந்தது.

"அசத்திட்டண்ணே" என்றார் தம்பி, கைகளைத் தொடைக்கு அடியில் இருந்து எடுத்துக்கொண்டே.

அண்ணன் நாக்கால் தட்டை வெளியே தள்ளினார். அது ஒயரோடு மார்பில் விழுந்தது.

"நான் கடிக்கவே இல்ல."

தம்பிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு, இத்தனை நேரமும் அறையில் 'டக்' என்ற ஓசையே கேட்கவில்லை என்பது விளங்கியது.

"சில நேரம் அப்படி அமையும்ணே. வர்ற வேகத்துலயே நேரா..."

"டேய்." அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சு வாங்க வேண்டியிருந்தது. "ஆயுசு பூரா சுமை தூக்கினவன்டா நான். ஆடாம எதுவும் உக்காராது. இது கொஞ்ச நாளா ஆடவே இல்ல. நமக்குத்தான் கை வந்துருச்சுன்னு நெனச்சேன். கேனப்பய மாதிரி சந்தோஷப்பட்டேன்." மறுபடி மூச்சு. "அப்புறம் சந்தேகம் வந்துச்சு. இன்னிக்கு சும்மா இருந்து பாத்தேன்."

தம்பி வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்குச் சாஞ்சுதே. கடைசி நேரத்துல நிமித்தினேனே. அது?"

தம்பி அண்ணனின் மார்பில் கிடந்த தட்டை எடுத்து ஒயரைச் சுற்றத் தொடங்கினார்.

"அதுவுமா?"

"நீ சாப்பிடாம இருந்தண்ணே" என்றார் தம்பி.

"நான் தப்பு பண்ணா மொதல்ல எனக்குத்தான் தெரியணும். கிரேன்லேருந்து யாரு சொல்லிடா எறங்குனேன்?" இதைச் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. "அது ஒண்ணுதான் எங்கிட்ட மிச்சமிருந்துச்சு. அதயும் எடுத்துட்ட."

அதற்குப் பிறகு அண்ணன் தட்டை வாய்க்குள் விடவில்லை. உதடுகளை மூடிக்கொண்டார். மருந்துக்கும் உணவுக்கும் திறந்தவர் தம்பியின் கை வந்தால் மூடினார். தம்பியோ கூடத்தில் ஒரு பல் செட்டின் மேல்வரிசையை ஒரு பக்கம் உயரமாக வைத்து அனுப்பிவிட்டார், கடித்தால் கோணுகிறது என்று மருத்துவர் திருப்பி அனுப்பினார். "ராக்கெட்டு, இந்தத் தடவை ஏவுதளத்துலயே வெடிச்சிருச்சா?" என்று கேட்ட பாலிஷ்காரர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். அன்று மெழுகுக்கு மூக்கும் முளைக்கவில்லை, கொக்கியும் முளைக்கவில்லை. உருண்டை உருண்டையாகவே இருந்தது.

அவர் மனைவி யாரையும் கடிந்து பேசுகிறவர் அல்ல. துணி மடித்துக்கொண்டே சொன்னார்.

"நீங்க பாசத்துல பண்ணீங்க. நான் இல்லேன்னு சொல்லல. ஆனா நான் மாமாவுக்கு ஊட்டுறப்ப, முழுங்காததப் பாத்தும் 'நல்லா முழுங்கிட்டீங்க மாமா'ன்னு சொல்லி அடுத்த வாய் குடுத்தா என்னங்க ஆகும்? தொண்டையில அடைச்சுக்கும்ல."

அவர் தலையசைத்தார்.

"அவருக்கு நோய்னு அவருக்குத் தெரியும். நமக்குத்தான் அப்பப்ப மறந்து போவுது."

தாங்கலின் அளவைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தால் போதும், வேலை முடிந்துவிடும். அவர் அப்படிச் செய்யவில்லை. சுழியத்தில் வைத்தது நாளை மறுபடி துளித் துளியாக ஏறும் என்று தன்னைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த வரிகளைத் தேடித் தேடி அழித்தார். தாங்கல் நிரலின் நான்கைந்து இடங்களில் வேர் விட்டிருந்தது. பிடுங்கப் பிடுங்கக் கப்பல் உடைந்தது, மறுபடி ஒட்டவைத்தார். புதிய பதிப்பை மன்றத்தில் போட்டுவிட்டு, "தாங்கல் நீக்கப்பட்டது" என்று மட்டும் எழுதினார். ஏன் என்று கேட்டார்கள். பழைய பதிப்பே நல்லது, அதையே வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். அவர் செய்த பொய் இன்னும் எத்தனையோ கணினிகளில் கப்பல்களைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. அதை இனி அவரால் திரும்பப் பெற முடியாது.

பிறகு அவர் அண்ணனின் கட்டிலருகே போய் நின்றார். தட்டைக் கழுவி, பழைய உரசலைச் சரிசெய்து கொண்டுவந்திருந்தார்.

"எடுத்துட்டேண்ணே. இப்ப அது வெறும் கப்பல்தான்."

அண்ணன் அவரை வெகுநேரம் பார்த்தார். பேச்சு அந்த இடைவெளியில் ஏறக்குறைய முழுவதுமாகப் போய்விட்டிருந்தது. தம்பி அவர் தாடையை உள்ளங்கையில் தாங்கினார். மன்னிப்புக் கேட்டாரா என்று தெரியாது, கேட்கிறவர் அல்ல. உதடுகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தன. தட்டு உள்ளே போனது. ஒரு 'டக்' என்றால் ஆமாம், இரண்டு என்றால் வேண்டாம் என்று அவர்களுக்குள் அன்று ஓர் ஏற்பாடு ஆயிற்று.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை கொக்கி தாங்கல் இல்லாமல் தனியாகப் புறப்பட்டது. ஜன்னல் திரை பாதி விலகியிருந்ததால் கணினியின் ஒரு மூலையில் வெயில் விழுந்தது. எழுந்து போய் அதை மூடவும் தம்பிக்குத் துணிவில்லை. கைகள் தொடைக்கு அடியில் இருந்தன. அம்புகள் மாறின. டக். கப்பல் மேலே போனது, கொஞ்சம் அதிகமாகவே போனது. கீழே கொண்டுவர அம்பு சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். டக். தாமதம், அது இடப்புறம் தள்ளியது. கப்பல் ஆடத் தொடங்கியது. நிலையம் பெரிதாகிக்கொண்டே வந்தது. அண்ணனின் கழுத்து நரம்பு புடைத்தது. உதட்டோரம் எச்சில் வழிந்தது. எப்போதும் உடனே துடைக்கிற தம்பியின் கை இன்று அசையவில்லை. டக். நேரானது. அந்த நொடியில் பொருந்திவிடும் என்றே தோன்றியது. பொருந்தவில்லை. நிலையத்தின் வாய்க்கு ஓர் ஆள் உயரம் கீழே, எதையும் தொடாமல், கொக்கி அதைக் கடந்து போயிற்று.

இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிலையம் திரையை விட்டுப் பின்னால் போய்விட்டது. முன்னால் கருமை மட்டும். எரிபொருள் முள் இன்னும் கொஞ்சம் மிச்சம் காட்டியது. அண்ணன் அதைச் செலவழிக்கவில்லை.

எச்சிலைத் துடைத்துவிட்டுத் தம்பி கேட்டார். "மொதல்லேருந்து வைக்கட்டுமா?"

டக், டக்.

"நெலையத்துக்குக் கீழ ஓடுதுண்ணே, அதான் அதவிட வேகமாப் போகுது. ஒரு முழுச் சுத்து முந்திட்டுப் பின்னாடியிருந்து திரும்பவும் கிட்ட வரும். ஆனா மாசக்கணக்குல ஆகும்." நிறுத்தினார். "நேரத்த வேகமா ஓட்டட்டுமா? இப்பவே கொண்டாந்துரலாம்."

சிமுலேட்டரில் அதற்கென்று ஒரு விசை உண்டு. மாதங்களைத் தேநீர் ஆறுவதற்குள் ஓட்டிவிடலாம். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

திரையில் நட்சத்திரங்கள் அசையாமல் நின்றன, அல்லது அசைவது தெரியாத வேகத்தில் அசைந்தன. பிறகு, நிதானமாக, டக். தம்பி ஆமாம் என்று எடுத்துக்கொண்டு கையை வெளியே எடுத்தார். இரண்டாவது டக் வந்தது.

கை நின்றது.

"அப்ப அதும்பாட்டுக்கு வரட்டும்ங்கறியா? அணைக்காம அப்படியே விடவா?"

அந்த வாயை அவர் பார்த்துக்கொண்டேயிருந்தார். தாடை இறுகுவது தெரிந்தது. டக். அடுத்தது வருகிறதா என்று காத்திருந்தார். வரவில்லை.

தட்டை எடுத்துக் கழுவி வைத்தார். தலையணைகளைச் சரித்து அண்ணனைப் படுக்க வைத்தார். கண்கள் திரையின் பக்கம் இருக்கும்படியே படுக்க வைத்தார். வீட்டுக்குள் மனைவி வழக்கம்போல் அறை அறையாக வந்துகொண்டிருந்தார். முன்னறை மின்விசிறியின் சுவிட்ச் தட்டப்படும் ஓசை கேட்டது, அடுத்து சமையலறை விளக்கு. தம்பி தன் சட்டைப் பையைத் துழாவி மெழுகு உருண்டையை எடுத்தார். இங்கே ஸ்பிரிட் விளக்கு இல்லை, உள்ளங்கைக்குள் பொத்தி வைத்து இரண்டு மூன்று தரம் ஊதினார். இளகியதும் சுவரில் இருந்த கணினியின் சுவிட்ச் மேல் வைத்து அழுத்தி, ஈறில் பல்லைப் பதிக்கும்போது செய்வது போல, கட்டைவிரல் நுனியால் ஓரங்களை ஒவ்வொன்றாகச் சுவரோடு சேர்த்து வழித்துவிட்டார்.